பாவத்துக்கும் ஒரு விலாசம் இருக்கு

காலமை ஆறு மணிக்கு முதலே போனில் வந்து விழுகிற அந்தக் குட்டிச் சிந்தனைகளைத் தெரியாத கிறிஸ்தவ வீடு யாழ்ப்பாணத்தில் இருக்காது. மேலே ஒரு வேத வசனம். நடுவில் ஒரு கதை; அனேகமாக ஏதோ ஒரு தேசத்தில் இருந்த ஏதோ ஒரு விவசாயி, இல்லாவிட்டால் ஒரு கப்பல் மாலுமி. கீழே இரண்டு வரி ஜெபம். அதுக்கும் கீழே கூப்பின கை. முந்தி கலண்டர் தாளிலும் பங்கு மடலிலும் வந்தது இப்ப வட்ஸ்அப்பில் வருகிறது. எந்தச் சபை என்பதிலும் பெரிய வித்தியாசமில்லை. கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே எண்டு எல்லாரும் அனுப்புகினம். சொல்லுறதும் கிட்டத்தட்ட ஒண்டுதான். உன் பாவத்தை அறிக்கையிடு. ஜெபம் பண்ணு. ஆண்டவரை நம்பு.

இவற்றை நக்கலடிக்க நான் இதை எழுதவில்லை. கட்டிலை விட்டு எழும்ப ஏலாத எத்தனையோ அம்மம்மாமாருக்கு ஒரு நாள் தொடங்கிறதே இந்தச் சிந்தனையோடதான். வெளிநாட்டில் இரவு வேலை முடிச்சுப் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவருக்கும் இதுதான் துணை. ஆனால் அறிக்கையிடுதல், ஜெபம், நம்பிக்கை என்ற மூண்டும் எங்கட மண்ணில் இலேசான சொற்கள் இல்லை. அவற்றின் பாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கோதை மட்டும் ஒவ்வொரு நாளும் அனுப்புகிறார்கள் என்பதுதான் என்னுடைய குறை. கதையில் வருகிற விவசாயிக்கு ஊர் இல்லை. அவன் செய்த பாவத்துக்கும் ஊர் இல்லை. வாசிக்கிற எங்களுக்கு மட்டும் ஊர் இருக்கு.

சின்ன எழுத்து யாழ்ப்பாணத்துக்குப் புதுசில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் இங்கே வந்தார்கள். 1820 இல் ஜேம்ஸ் கரெற் என்ற அச்சுத் தொழிலாளர் வந்தபோது, ஆங்கிலேய ஆட்சி அவரை இருக்கவிடாமல் திருப்பி அனுப்பியது. ஒரு அச்சுக்காரனுக்குப் பயந்த காலம் அது. பிறகு 1834 இல் மானிப்பாயில் மிஷன் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கி, துண்டுப் பிரசுரங்கள் ஊர் ஊராகப் போயின. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், பிரிந்துபோய்த் தானும் ஒரு அச்சுக்கூடம் வைத்து, அதே ஆயுதத்தால் பதில் சொன்னார். 1854 இல் வந்த 'சைவதூஷண பரிகாரம்' அந்தச் சண்டையின் பெரிய வெடி. அந்தக் காலத்துத் துண்டுப் பிரசுரங்களில் மற்றவரின் சமயத்தை இழித்த பேச்சு எக்கச்சக்கம். அது திரும்பி வரவேணும் எண்டு நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று: அவற்றை எழுதினவர்களுக்குத் தாங்கள் யாருக்கு எழுதுகிறோம் எண்டு தெரிஞ்சிருந்தது. வாசிக்கிறவனின் கோயில் எது, அவன் வீட்டில் என்ன சடங்கு, பந்தியில் யாரோடு இருப்பான், யாரோடு இருக்கமாட்டான் எல்லாம் தெரியும். இண்டைக்கு வருகிற சிந்தனைக்கு வாசகன் நல்லூரில் இருக்கிறானா நைரோபியில் இருக்கிறானா எண்டே தெரியாது.

முதலில் பாவ அறிக்கையை எடுப்பம்.

இந்தச் சிந்தனைகளில் அறிக்கையிடச் சொல்லுகிற பாவங்களை ஒரு கிழமைக்குக் குறிச்சு வைச்சுப் பாருங்கோ. கோபம், பொறாமை, போன் பார்க்கிறது, இச்சை, ஜெபத்தில் சோம்பல், பெற்றோருக்குக் கீழ்ப்படியாமை. எல்லாம் ஒரு ஆளின் நெஞ்சுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகிறவை. அதில் பாதிக்கப்பட்ட இன்னொரு மனுசர் பெரும்பாலும் இல்லை. கண்ணை மூடிச் சொன்னால் முடிஞ்சுது, மனம் இலேசாகிவிடும்.

ஆனால் தமிழில் இதற்கு நாங்கள் வைச்சிருக்கிற சொற்களைப் பார்த்தால் விசயம் வேற. பழைய கத்தோலிக்கச் சொல் 'பாவசங்கீர்த்தனம்'. சங்கீர்த்தனம் எண்டால் வாய்விட்டுச் சொல்லுறது. இப்போதைய சொல் 'ஒப்புரவு அருட்சாதனம்'. ஒப்புரவு எங்களுக்குத் தெரிஞ்ச சொல்தானே, திருக்குறளின் 22 ஆம் அதிகாரமே 'ஒப்புரவறிதல்'. ஊரோடு சேர்ந்து வாழுகிறவனின் கடமையைப் பற்றிய அதிகாரம் அது. மற்றச் சபைகளில் 'பாவ அறிக்கை' என்பார்கள். அறிக்கை எண்டால் எங்களுக்கு உடனே ஞாபகம் வாறது ஆணைக்குழு அறிக்கை. அதுவும் சரிதான்: என்ன நடந்தது, எங்கே, எப்ப, யாருக்கு எண்டு சொல்லாத ஒன்றை அறிக்கை எண்டு யாரும் ஏற்கமாட்டார்கள். மூன்று சொல்லிலும் இன்னொரு ஆள் இருக்கிறார். தனியே கண்ணை மூடினால் போதும் எண்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

விவிலியமும் அப்படித்தான். சக்கேயு என்ற வரி வசூலிப்பவர் மனம் மாறியபோது, தான் ஏமாற்றினவர்களுக்கு நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். கணக்கோடு வந்த மனமாற்றம். மலைப்பிரசங்கத்தில் இயேசு சொல்லுறது இன்னும் கடுமை: உன்னில் ஒருவனுக்கு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு, முதலில் அவனிடம் போ எண்டு. கத்தோலிக்கப் போதனையிலும் களவெடுத்தவன் குருவிடம் சொல்லிவிட்டு எடுத்ததைத் தன்னிடமே வைச்சிருக்க ஏலாது. திருப்பிக் கொடுக்கவேணும்.

இந்த மண்ணில் பாவசங்கீர்த்தனத்துக்கு விலை கொடுத்த காலமும் இருந்தது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபிறகு கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே இடமில்லை. 1687 இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து சேர்ந்தார். சில்லாலையில் மறைந்திருந்து, இரவுகளில் மக்களைச் சந்தித்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்தக் காலத்தில் ஒரு சில்லாலைக்காரர் தன் பாவத்தைச் சொல்ல இருட்டில் நடந்து போனார் எண்டால், பிடிபட்டால் என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சுதான் போனார். அந்தப் பரம்பரையில் வந்த நாங்கள் இண்டைக்குச் சோம்பலை மட்டும் அறிக்கையிட்டுக்கொண்டு இருக்கிறம்.

அப்ப எங்கட பாவங்களின் விலாசம் எது?

ஒன்று எல்லாருக்கும் தெரியும். பத்திரிகையில் மணமக்கள் தேவை பகுதியைத் திறவுங்கோ. 'ஆர்.சி.' என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் நிற்கும். ஞானஸ்நானத் தண்ணீர் கழுவாத ஒன்று இருக்கு எண்டு காசு கட்டி விளம்பரம் போடுகினம். 1930 ஐ அண்டிய ஆண்டுகளில், பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேணும் என்ற சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முந்தி, 1924 இல், எங்கட வயதுப் பெடியள் கூடி மாணவர் காங்கிரஸ் தொடங்கி, தீண்டாமை ஒழியவேணும் எண்டு தீர்மானம் எடுத்திருந்தார்கள். அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் வளர்ந்த கிறிஸ்தவர். பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தவர். நூறு வருசத்துக்கு முந்தி இளைஞர் மாநாட்டில் சத்தமாகச் சொல்லப்பட்டது, காலமைச் சிந்தனை ஒன்றில் வந்து நான் இதுவரை வாசித்ததில்லை.

இரண்டாவது விலாசம் யாழ் நகரின் சோனகத் தெரு. 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் குடுத்து ஊரை விட்டு வெளியேற்றினார்கள். அந்த நாட்களில் வட மாகாணம் முழுக்க வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள்.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில் தெரியும். "அதை நாங்களா செய்தனாங்கள்? நீ அப்ப பிறக்கவே இல்லையே, உனக்கென்ன அறிக்கை?" நியாயமான கேள்வி. ஒரு சிலர் செய்ததாகச் சொல்லி முழுச் சனத்தையும் தண்டிக்கிறதுதான் அந்த வெளியேற்றமே. அதையே திருப்பி எல்லாத் தமிழர் மேலும் பழியாகப் போடுவது அதே பிழை. ஆனால் பழி போடுவதும் தானாகப் பொறுப்பெடுப்பதும் ஒன்றல்ல. தானியேல் 9 ஆம் அதிகாரத்தையும் நெகேமியா 1 ஆம் அதிகாரத்தையும் எடுத்து வாசியுங்கோ. இருவரும் தாங்கள் தனிப்படச் செய்யாத, முன்னோர் செய்த பாவங்களை 'நாங்கள்' எண்டு சொல்லி அறிக்கையிடுகிறார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தங்கட சனத்தின் நல்லதில் பங்கு இருந்தால் கெட்டதிலும் பங்கு இருக்கு எண்டு அவர்களே எடுத்துக்கொண்டது அது. 1990 இல் நாங்கள் பிறக்கவில்லைத்தான். ஆனால் பூட்டிப்போட்டுப் போன வீடுகளுக்கு என்ன நடந்தது எண்டு கேட்காமல் வளர்ந்த ஊரில்தானே நாங்களும் வளர்ந்தனாங்கள்?

அதே 1990 இல், சோனகத் தெரு வெறிச்சோடிச் சில நாட்களில், நவம்பர் மாதம் தென்னாபிரிக்காவின் ரஸ்ரன்பேர்க் நகரில் திருச்சபைகள் கூடின. நிறவெறிக்கு வேதத்திலிருந்து நியாயம் சொல்லிக் கொடுத்தது டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை. அந்தச் சபையைச் சேர்ந்த வில்லி யோங்கர் என்ற இறையியல் பேராசிரியர் எழும்பி, தன் பங்கையும் தன் சபையின் பங்கையும் எல்லார் முன்னாலும் அறிக்கையிட்டார். டெஸ்மண்ட் டூட்டு எழும்பி அதை ஏற்றுக்கொண்டார். எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. இவ்வளவு இலேசாக எப்படி ஏற்கலாம் எண்டு கேட்டவர்களும் இருந்தார்கள். ஒரு மனுசர் மன்னிப்புக் கேட்டதால் நிறவெறி அடுத்த நாளே முடியவும் இல்லை. ஆனால் பாவத்துக்குப் பெயர் இருந்தது, சொன்னவருக்கு முகம் இருந்தது, கேட்க வேண்டியவர்கள் அதே மண்டபத்தில் இருந்தார்கள். நான் கேட்கிற அறிக்கை அந்த மாதிரி.

இனி ஜெபம்.

'எங்கள் தந்தையே' செபத்தை, மற்றவர்கள் பரமண்டல ஜெபம் என்பார்கள், ஒருக்கா இலக்கணக் கண்ணோடு பாருங்கோ. அதில் 'நான்' இல்லை. 'என்' இல்லை. சாப்பாடு கேட்கிறதும் மன்னிப்புக் கேட்கிறதும் எல்லாமே 'எங்களுக்கு'. பன்மையில் கேட்கச் சொல்லித் தந்த ஜெபம் அது. போனில் வருகிற ஜெபங்களோ அனேகமாக ஒருமை. என் பரீட்சை, என் விசா, என் தடைகள், என் எதிரிகள். ஆண்டவர் கனடாக் கதவைத் திறப்பார் என்ற சிந்தனைகளை எண்ணினால், யாழ்ப்பாணத்தில் மிச்சமிருக்கிற ஆக்களை விட அதிகமாக வரும் போலக் கிடக்கு.

இன்னொன்று, சங்கீதப் புத்தகத்தில் புகழ்ச்சிக்கு நிகராகப் புலம்பல் இருக்கு. 88 ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஆறுதல் ஒரு வரிகூட இல்லை. அதையும் ஜெபம் எண்டுதான் வேதத்தில் சேர்த்து வைச்சிருக்கிறார்கள். ஆனால் எந்தச் சிந்தனையும் அதை எடுக்காது. எடுத்தாலும் நாலாவது வரியில் சூரியன் உதிச்சிடும்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போய் இருந்தார்கள். வருசக்கணக்காக இருந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைச்சுக்கொண்டே பல அம்மாமார், அப்பாமார் செத்தும் போனார்கள். அதில் சைவரும் கிறிஸ்தவரும் கலந்து இருந்தார்கள். அந்தக் கொட்டகையில் கேட்ட "எங்கட பிள்ளையள் எங்க?" என்ற கேள்வியை விடப் பெரிய ஜெபம் இந்த மண்ணில் எனக்குத் தெரியாது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்ததும் அதே கேள்விதான். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. 2009 ஜூலை 10 வரைக்கும் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? ஒரு ஆயர் கழித்தல் கணக்கு வடிவில் வைத்த புலம்பல் அது. ஜெபம் எண்டால் அமைதியாக இருக்கிறது மட்டும் இல்லை, விடாமல் கேட்கிறதும்தான் எண்டு அவர் காட்டினார்.

கடைசியாக நம்பிக்கை.

"நம்பு, உனக்கு ஒண்டும் நடக்காது." காலமைச் சிந்தனைகளின் உயிரே இந்த வரிதான். இதை யாழ்ப்பாணத்தில் எழுத ஒரு துணிவு வேணும். அல்லது மறதி வேணும். 1995 ஜூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அயலில் உள்ள சின்னக்கதிர்காம முருகன் ஆலயத்திலும் சனம் தஞ்சம் புகுந்து இருந்தது. விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்கள் நம்பாமலா கோயிலுக்குள் போனார்கள்? 2006 ஓகஸ்ட் 20 அன்று அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் உதவியாளர் ஒருவரோடு போனவர் திரும்பவில்லை. அவருக்கு விசுவாசம் காணாமல் போச்சுதா?

அதனால் நம்பிக்கை வீண் எண்டு நான் சொல்லவில்லை. நவாலிக்காரர் அதே இடத்தில் ஒவ்வொரு வருசமும் கூடி மெழுகுதிரி கொளுத்துகினம். அதுதான் நம்பிக்கை. எங்களுக்கு ஒண்டும் நடக்காது என்பதல்ல, நடந்த பிறகும் செத்தவர்களை விட்டுப்போகமாட்டோம் என்பது. ஆகவே நம்பிக்கையைப் பற்றி யாராவது ஒரு சிந்தனை எழுதினால், அனுப்பமுதல் ஒரு சோதனை வையுங்கோ. ஜூலை 9 அன்று நவாலியில், அந்தச் சனத்தின் முன்னால், இதைச் சத்தமாக வாசிக்க ஏலுமா? ஏலாதெண்டால் அதைத் திருப்பி எழுதுங்கோ.

இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, காலமை நேரம் சனத்துக்கு ஆறுதல்தான் வேணும், அரசியல் வேண்டாம் எண்டு. ஆறுதல் வேணும்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஆறுதல் யாருக்கு? சாதி பார்க்கிறவனுக்கு அதைக் கேட்காத சிந்தனை ஆறுதல். அதே வாங்கில் கடைசியில் இருக்கிறவனுக்கு அந்த மௌனம் ஆறுதல் இல்லை. தன் விசயம் ஆண்டவருக்கும் அரசியலாகப் போச்சு எண்டு அவன் நினைப்பான். சொல்லாமல் விடுகிறதும் ஒரு பக்கம் நிற்கிறதுதான்.

இரண்டாவது, இருநூறு சொல்லுக்குள் இதெல்லாம் எப்படி அடங்கும் எண்டு. நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராசாவுக்குச் சொன்ன கதையை நினைச்சுப் பாருங்கோ. பணக்காரன் ஒருவன், ஏழை ஒருவன், ஒரு ஆட்டுக்குட்டி. நாலைஞ்சு வசனம்தான். ராசா கோபப்பட்டுத் தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்த ஆள் நீதான் எண்டு விரல் நீட்டினான். உலகத்திலேயே நல்ல குட்டிச் சிந்தனை அதுதான். அதிலும் பெயரில்லாத ஆக்கள்தான் வருகினம். ஆனால் கதை கடைசியில் ஒரு விலாசத்தில் போய் நிற்கிறது. உரியாவின் வீடு.

எங்கட வயதுக்காரரிலும் இந்தச் சிந்தனைகளை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வாலிபர் குழுக்களில், ஞாயிறு பாடசாலைகளில், பல்கலைக்கழகக் கிறிஸ்தவ ஒன்றியங்களில். அவர்களிடம்தான் கேட்கிறன். நிப்பாட்டச் சொல்லி இல்லை. விவசாயியையும் மாலுமியையும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கோ. ஒரு கிழமை உங்கட ஊரை வைச்சு எழுதிப் பாருங்கோ. அறிக்கையிடச் சொன்னால் யாருக்கு எதிராகச் செய்த பாவம் எண்டும் சொல்லுங்கோ. ஜெபம் எழுதினால் 'எங்கள்' எண்டு எழுதுங்கோ. அந்த 'எங்கள்'க்குள் யாரைச் சேர்க்கிறீர்கள், யாரை விடுகிறீர்கள் எண்டும் ஒருக்கா யோசியுங்கோ. கடைசி வரியில் கூப்பின கைக்குப் பதிலாக, அண்டைக்கு வாசகன் போகவேண்டிய ஒரு வீட்டையோ, கதைக்க வேண்டிய ஒரு ஆளையோ, திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு பொருளையோ சொல்லுங்கோ.

சிலர் குறூப்பை விட்டுப் போவினம். போகட்டும். மிச்சம் இருக்கிறவை முழுசா வாசிப்பினம்.